காது குத்து மண்டபத்தில் லினக்ஸுக்கு ஓட்டு

என் மகளை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் தொலைபேசியில் அழைக்கலாம். இது எங்கள் வீட்டில் எழுதியே வைத்த சட்டம். அவளே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள். நான் "சரி" என்று பதில் போட்டிருக்கிறேன். என் மனைவி அதன் கீழே கட்டைவிரல் படம் போட்டிருக்கிறாள். செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் மனுப் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஓர் ஆவணத்துக்கு இதற்கு மேல் வலு சேர்க்க முடியாது.

அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் நான்தான். அவள் வடக்கே ஒரு மலை ஊரில் ஆராய்ச்சி செய்கிறாள், ஆப்பிள் தோட்டத்து மண்ணைப் பற்றி. ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர்க்காரிக்கு ஆப்பிள் மண்ணோடு என்ன வேலை என்று மதுராந்தகத்தில் இருக்கும் என் மனைவி வீட்டார் இன்றுவரை கேட்கிறார்கள். அங்கே போன முதல் குளிர்காலத்திலேயே, பனி உறைந்த சாலையில் அவள் ஓட்டிப் போன ஸ்கூட்டர் சறுக்கித் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போன்ல மைக் போச்சுப்பா, மெசேஜ் மட்டும் பண்ணு" என்று தட்டி அனுப்பினாள். நாங்களும் அந்த மைக்கைப் பற்றி நான்கு நாள் கவலைப்பட்டோம்.

ஒரு மாதம் கழித்து, மதுராந்தகத்தில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பி செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்குகிறேன். மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. குடும்பம் மொத்தத்துக்கும் என் எண்தான் கொடுத்திருந்தோம். "தங்கள் உள்நோயாளிச் சிகிச்சைக் கோரிக்கை ஏற்கப்பட்டது. விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்." நான்தான் எங்கேயாவது படுத்திருந்தேனோ என்று முதலில் யோசித்தேன். பிறகு மனைவியை அழைத்து, "நீ எங்க இருக்க?" என்றேன். "குக்கர் முன்னாடி" என்றாள். எங்கள் குடும்பத்தில் மொத்தமே மூன்று பேர்.

அன்றைக்குக் கழன்ற ஏதோ ஒன்று இன்னும் சரியாக மாட்டவில்லை. இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதற்கு முன் ஒரு நாற்காலியைத் தேடுகிறேன். ஆரம்பத்தில் நிலைமை இன்னும் மோசம். அவளைத் தினம் பத்துப் பதினோரு முறை அழைத்தேன். அவள் எடுக்காவிட்டால் அறைத் தோழியை. தோழி எடுக்காவிட்டால் விடுதி அலுவலகத்தை. அவர்கள் இந்தி எனக்குப் புரியாது, என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியாது. எப்படியோ பாதி புரிந்துகொண்ட விடுதிக் காவலர் ஒரு நாள் அவள் அறைக் கதவைத் தட்டி, "நீ உயிரோடு இருக்கிறாயா என்று உன் அப்பா கேட்கிறார்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் சட்டம் வந்தது.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதை நான் கண்டுபிடித்தேன்.

அவள் வடக்கே கிளம்புவதற்கு முன்னால் எங்கள் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தந்திருந்தாள். "இதுக்கு வயசாயிடுச்சுப்பா, இனிமே லினக்ஸ்தான் இத இழுக்கும்" என்றாள். கூடவே ஓர் ஆப். அங்கே அவள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் எதைப் போட்டாலும் அதன் நகல் தானாக இங்கே எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்துவிடும். ஆராய்ச்சிக் கணக்குகள் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று ஏற்பாடு. வருடா வருடம் சந்தா கட்டி வாங்கும் ஆப் அது.

சட்டம் வந்த மறுநாள் காலை, குளிப்பதற்கு முன் சும்மா அந்த ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே இருந்த கோப்பின் பக்கத்தில், கடைசியாக மாற்றப்பட்ட நேரம் காலை 5.50 என்று இருந்தது. மணி அப்போது ஆறு பத்து. ஆக, இருபது நிமிடம் முன்பு என் மகள் எழுந்து உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள். நான் நிம்மதியாகக் குளித்தேன்.

அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. எழுந்ததும் ஃபோல்டர், பிறகுதான் பல்தேய்ப்பு. நேரம் ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. ஒரு நாள் விடியற்காலை, ஒரு நாள் முந்தின நண்பகல். கோப்பைத் திறந்தால் எண்கள். வரிசை வரிசையாக, கீழே இறங்க இறங்க எண்கள். இத்தனையையும் உட்கார்ந்து அடிக்கிறாளே என்று பாவமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "விரல் வலிக்கலையாம்மா?" என்று கேட்பேன். "எதுக்குப்பா வலிக்கணும்?" என்பாள்.

என் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஏங்க, இதுக்குப் பேரு வேவு பாக்கறது" என்றாள்.

"நான் போன் பண்ணலையே. சட்டத்துல ஃபோல்டரப் பத்தி ஒண்ணும் இல்ல."

"ஆபீஸ்ல ஜனங்கள இப்படித்தான் அலைய விடுவீங்களா?"

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் என்னிடம் ஏதோ அப்டேட் செய்யவா என்று கேட்டது. எதைக் கேட்டாலும் சரி என்று அழுத்துவது என் சுபாவம். அழுத்தினேன். அரை மணி நேரம் கழித்து எல்லாம் புதுசாக, பளபளப்பாக வந்தது, அந்த ஆப் மட்டும் வரவில்லை. ஃபோல்டரில் நேரம் ஞாயிறு மாலை 6.20 என்று நின்றுவிட்டது. செவ்வாயும் 6.20. புதனும் 6.20. கடிகாரம் நின்ற வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருந்தேன்.

மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "தீபாவளிக்கு வரும்போது பாத்துக்கலாம், அவசரம் என்னப்பா?" என்பாள். அவசரம் என்ன என்பதைச் சொல்ல முடியாது. அதனால் வியாழக்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் பக்கத்தில் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? படம்லாம் வேற மாரி கீது."

"லினக்ஸ்."

"யாரு போட்டது?"

"என் பொண்ணு."

"எடுத்துக்கினு போய் அதாண்டயே குடு சார். நான் வேணா அல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுத் தரேன்."

அழித்தால் ஏன் அழித்தாய் என்ற கேள்வி வரும். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று இணையத்தில் தேடித் தேடித்தான் விஷயம் புரிந்தது. லினக்ஸ் என்பது ஒன்று இல்லையாம், பல வகையாம். ஆப்பை விற்கும் நிறுவனம் பிரபலமான இரண்டே இரண்டு வகைகளுக்குத்தான் அதைச் செய்து தருகிறது. எங்கள் வீட்டில் இருப்பது வேறு வகை. என் மகள் ஏதோ தந்திரம் செய்து அதில் ஓட வைத்திருந்திருக்கிறாள். நான் சரி என்று அழுத்தியதில் தந்திரம் போய்விட்டது.

அப்படித் தேடும்போதுதான் அந்த நிறுவனத்தின் பயனர் மன்றத்தில் ஒரு கோரிக்கையைக் கண்டேன். எல்லா லினக்ஸ் வகைகளிலும் நிறுவக்கூடிய பொதுவான ஒரு தொகுப்பாக ஆப்பைத் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை. யாரோ ஒருவர் ஆறு வருடம் முன்பு எழுதியது. அதன் கீழே பக்கம் பக்கமாக மற்றவர்கள். கோரிக்கையை ஆதரிக்கிறவர்கள் அழுத்த ஓர் ஓட்டுப் பொத்தானும் இருந்தது.

சனிக்கிழமை விடுமுறை. காலையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். நாவல் படிப்பது போல் இருந்தது. மற்றவர்களைப் போலத்தானே நாங்களும் சந்தா கட்டுகிறோம் என்று ஒருவர் நியாயம் கேட்டிருந்தார். பொதுத் தொகுப்பு என்றால் எந்த முறைத் தொகுப்பு என்று இரண்டு பேர் மூன்று பக்கத்துக்குச் சண்டை போட்டிருந்தார்கள். ஒருவர் வருடா வருடம் அந்தக் கோரிக்கைக்குப் பிறந்தநாள் வாழ்த்து போட்டிருந்தார். கோபித்துக்கொண்டு இந்த ஆப்பையே விட்டுவிட்டேன் என்று எழுதிய ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து தான் விட்டுவிட்டதை நினைவுபடுத்திவிட்டுப் போனார். நிறுவனத்தின் தரப்பிலிருந்து ஆறு வருடத்தில் ஒரே ஒரு பதில். தங்கள் ஆலோசனைக்கு நன்றி, உரிய குழுவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது.

அந்தப் பதிலைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. அந்த வாக்கியத்தை நானே ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் என்னவென்று அந்த மன்றத்திலேயே சரியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கோப்பு மேசையின் இடது ஓரத்தில் இருக்கிறது, அதன் மேல் வேறு கோப்புகள் இருக்கின்றன, அவற்றின் மேல் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது என்று பொருள்.

மேசையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கோப்பு எப்படி நடுவுக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும். முதலில் மனு முறையாக இருக்க வேண்டும். உட்கார்ந்து அலுவலக ஆங்கிலத்தில் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், ஐயா. பொருள்: எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் பொதுவான தொகுப்பு வழங்கக் கோருதல் – தொடர்பாக. பார்வை: இதே பொருள் குறித்து ஆறு ஆண்டுகளாக இங்கு வரப்பெற்ற மனுக்கள். காரணம் காட்டாத மனு நிற்காது என்பதால் மூன்றாவது பத்தியில் காரணமும் எழுதினேன். என் மகள் தொலைவில் இருக்கிறாள். முன்பு ஒரு விபத்தை மறைத்திருக்கிறாள். மேற்படி மென்பொருள் வழியாக அவள் நலமாக இருப்பதைத் தினமும் காலையில் அறிந்து வந்தேன், தற்போது அறிய இயலவில்லை. தமிழ்நாட்டின் ஒரு மூலையிலிருந்து எழுதுவதை எந்த மகள் படிக்கப் போகிறாள் என்று நினைத்து மன்றத்தில் ஏற்றிவிட்டேன்.

இரண்டாவது, அது பொது மனுவாக வேண்டும். தனி ஆள் கொடுத்தால் ஒரு தாள். ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதிகாரி கண்ணாடியை எடுத்து மாட்டுவார். இது நான் கண்ணால் கண்ட உண்மை. ஆனால் லினக்ஸுக்குக் கையெழுத்துப் போட ஊருக்கு எங்கே போவது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் மச்சானின் பெண் குழந்தைக்குக் காது குத்து. மாமல்லபுரத்தில் ஒரு சிறிய மண்டபம். மச்சான் அங்கே சுற்றுலா வண்டிகள் ஓட்டுகிறான். காலையில் மகளோடு பேசிவிட்டேன், நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் திங்கள் முதல் மறுபடியும் ஆறு நாள் இருட்டு. மண்டபத்துக்குப் பக்கத்தில் சிற்பப் பட்டறை, ஞாயிறு என்றும் பாராமல் டக் டக் என்று கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது.

"இன்னா மாமா, டிரெய்ன வுட்டவன் மாரி மூஞ்சிய வெச்சிகினு கீற?" என்றபடி மச்சான் வந்து உட்கார்ந்தான். சொன்னேன். அவன் பாக்கு மென்றபடி கேட்டான்.

"ஆப் கீது. கம்ப்யூட்டர் கீது. அப்பால இன்னா பேஜாரு?"

"லினக்ஸ்ல வகை வகையா இருக்கு மச்சான். ஒவ்வொரு வகையிலயும் உள்ள இருக்கற சாமான் வேற. இந்த ஆப்ப வேற வகையில போட்டா, எனக்கு வேண்டியது இங்க இல்லன்னு படுத்துக்குது. அதனால, உனக்கு வேண்டியதெல்லாம் நீயே உள்ள வெச்சுக் கட்டிகிட்டு ஒரே பொட்டலமா வான்னு கேக்கறோம்."

மச்சான் மெல்லுவதை நிறுத்தினான். "இவ்ளோதானா? டூரிஸ்ட் பஸ்ஸு மாமா இது. கடக்கரக் கோயிலாண்ட வந்து நிக்குது பாரு, வெளியூர் பஸ்ஸு. சிலிண்டரு, அடுப்பு, அரிசி, ஊறுகா, சமையல்காரன், அல்லாம் உள்ளயே கீது. எந்தூர்ல வோணா நிறுத்துவான், வடிப்பான், துன்னுட்டுப் போய்க்கினே இருப்பான். அந்தூர்ல ஓட்டல் கீதா இல்லியான்னு அவனுக்குக் கவலையே கெடியாது. இன்னொருத்தன் வருவான், பெரிய ஓட்டல்ல ரூம் போட்டுட்டு, எங்கூரு ரொட்டி இல்லியான்னு அழுவான். உன் ஆப்பு ரெண்டாவது ஆளு."

ஆறு வருடமாக உலகம் முழுவதிலுமிருந்து எழுதியவர்களில் ஒருவர்கூட இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"செஞ்சித் தர்றதுக்கு இன்னாவாம் அவனுக்கு?"

"ஓட்டு பத்தல போல இருக்கு."

"அத்த மொதல்ல சொல்றதில்ல? இங்க நூறு பேரு பிரியாணிக்கு வெயிட் பண்ணிகினு சும்மாதான் குந்திகினு கீறாங்க."

என் கொழுந்தியாள் மதுராந்தகத்தில் இ-சேவை மையம் நடத்துகிறாள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று நாள் முழுக்க ஊருக்காக விண்ணப்பம் போடுகிறவள். மச்சான் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரவேற்பு மேசையில் சந்தனத்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தின் வைஃபை, வந்தவர்களின் கைபேசிகள். உள்ளே நுழைகிறவர்கள் பன்னீர் தெளித்துக்கொண்டு, கல்கண்டு எடுத்துக்கொண்டு, ஓடிபி சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். மன்றத்தில் ஓர் ஆளைப் பதிவு செய்ய அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மச்சானுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் மட்டும் கைபேசியைக் கொடுக்காமல் நின்றார். "பொண்ணு எந்த வார்டுல நிக்குது?"

"நிக்கல பெரிப்பா, படிக்குது. இது லினக்ஸுக்கு ஓட்டு" என்றாள் கொழுந்தியாள்.

"இன்னா சின்னம்?"

அவள் திரையில் லினக்ஸின் பென்குயின் படத்தைக் காட்டினாள். அவர் வேடந்தாங்கல் பக்கத்து ஆள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது நம்ம ஏரிக்கு வர்றது கெடியாதே" என்று சொல்லிவிட்டு ஓட்டுப் போட்டார்.

தவறு எங்கே நடந்தது என்றால், வெறும் ஓட்டோடு யாரும் நிறுத்தவில்லை. வெறும் கையெழுத்தை எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. மனு என்றால் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், கதவு எண், தெரு, கிராமம், வட்டம் எல்லாம் வேண்டும். கொழுந்தியாள் பழக்க தோஷத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்தும் எழுதிப் போட்டாள். "மேற்படி முகவரியில் நான் பல வருடங்களாகக் குடியிருந்து வருகிறேன். எனக்கு எல்லா லினக்ஸுக்கும் பொதுவான தொகுப்பு வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." மனைவியின் அக்கா, எழுதுவதோடு எழுது என்று தங்கள் தெருவிளக்கையும் சேர்க்கச் சொன்னாள். பிரியாணி மாஸ்டர் தானே தட்டினார். கல்யாணம், காது குத்து, சைவம், அசைவம், ஆர்டரின் பேரில் செய்து தரப்படும், தொடர்பு எண் இன்னது. குழந்தைக்கு இரண்டு காதும் குத்தி முடித்த ஆசாரி, அது வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போதே கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டார்.

மொத்தம் அறுபத்தொன்று. பந்தியில் எனக்கு இரண்டாவது முறை பிரியாணி இறங்கியது. வாரம் முழுக்கச் சோறே இறங்காமல் இருந்தது.

திங்கட்கிழமை காலை மன்றத்தைத் திறந்தேன். கோரிக்கை பூட்டப்பட்டிருந்தது. ஒரே இணைப்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சந்தேகத்துக்குரிய வகையில் ஏராளமான கணக்குகள் திறக்கப்பட்டுள்ளன, விளம்பரங்களும் வெளியிடப்பட்டுள்ளன, ஆகவே விசாரணை முடியும்வரை இந்தத் தலைப்பில் யாரும் எழுதவோ ஓட்டளிக்கவோ முடியாது என்று ஓர் அறிவிப்பு. என் கணக்கும் முடக்கப்பட்டிருந்தது. ஆறு வருடம் உலகமே சேர்ந்து கட்டிய மனுவை நாங்கள் ஒரே காது குத்தில் மூடிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, அலுவலகத்தில் இருக்கும்போது என் மகள் அழைத்தாள். செவ்வாய்க்கிழமை. மேசைமேல் இருந்த கோப்பை மூடிவிட்டு எடுத்தேன்.

"அப்பா, ஒண்ணும் ஆகல. முதல்ல உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன்."

"சரி. மதுராந்தகம் பெரியம்மாவுக்கு எதுக்குப்பா லினக்ஸ்?"

நான் பேனாவைத் திறந்து மூடினேன்.

"அந்தக் கோரிக்கைல நான் காலேஜ் படிக்கும்போதே ஓட்டுப் போட்டிருக்கேன். யார் என்ன எழுதினாலும் எனக்கு மெயில் வரும், நான் படிக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அறுபது மெயில். எல்லாம் நம்ம சொந்தக்காரங்க. இங்க லேப்ல ஒருத்தன் மொழிபெயர்த்துப் பாத்துட்டு, 'உங்க பெரியம்மா தெருவுல எப்ப விளக்கு போடுவாங்க'ன்னு ரெண்டு நாளா கேட்டுகிட்டே இருக்கான்."

"கோவமாம்மா?"

"சிரிச்சேன்ப்பா. அப்பறம் மேல போய்ப் பாத்தேன். உன் மனு இருந்துச்சு."

எதிரே ஒருவர் மனுவோடு வந்து நின்றார். உட்காருங்கள் என்று கை காட்டினேன். அப்படி நான் யாரையும் உட்காரச் சொல்வதில்லை, அவர் பயந்துவிட்டார்.

"தினமும் பாத்தியா?" என்றாள்.

"தினமும்."

"அந்தக் கோப்ப யாரு எழுதறான்னு நெனச்ச?"

"நீதான்."

"அப்பா, அது தோட்டத்துல ஒரு மரத்தடியில புதைச்சு வெச்சிருக்கற தெர்மாமீட்டர். மணிக்கு ஒரு தடவ மண்ணோட சூட்ட அதுவே எழுதும். நெட் வரும்போது அதுவே ஃபோல்டருக்கு அனுப்பும். நான் அதத் தொடறதே இல்ல."

"அப்ப, காலைல அஞ்சு அம்பதுக்கு..."

"அஞ்சு அம்பதுக்கு நான் தூங்கிட்டிருப்பேன். நீ ஒன்றரை வருஷமா ஒரு ஆப்பிள் மரத்த நலம் விசாரிச்சிருக்க."

அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், இருமல்தான் வந்தது. மனுவோடு வந்தவர் எழுந்து தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். புதிதாக எதுவும் வராதே தவிர, பழைய பிரதி முழுவதும் இருந்தது. அந்தக் குளிர்காலத்துக்குப் போனேன். காப்பீட்டுச் செய்தியில் இருந்த தேதிகள் எனக்கு மனப்பாடம். அந்த நான்கு நாளும் இருந்தன. மணிக்கு ஒரு வரி. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவள் சாலையில் விழுந்த காலையில் மண்ணின் சூடு முந்தைய நாளைவிட அரை டிகிரி குறைவு, அவ்வளவுதான்.

"என்ன பாக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அந்த நாலு நாளும் மண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த எண்களை மேலிருந்து கீழாகத் தானும் படித்தாள்.

மன்ற நிர்வாகிகளுக்கு மின்னஞ்சலில் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். அறுபத்தொரு பேரும் உண்மையான மனிதர்கள், வேண்டுமானால் நேரில் வந்து விசாரித்துக்கொள்ளலாம், விளம்பரம் செய்தவர் பிரியாணி மட்டும்தான் செய்வார் என்று குறிப்பிட்டேன். எங்கள் ஓட்டுகளில் எனதையும் மனைவியுடையதையும் தவிர மற்றதை நீக்கிவிட்டு, நான்காம் நாள் பூட்டைத் திறந்தார்கள். பழைய ஆட்கள் திட்டுவார்கள் என்று பயந்தேன். பிறந்தநாள் வாழ்த்து போடுகிறவர்தான் முதலில் எழுதினார். ஆறு வருடத்தில் நிறுவனம் எங்களுக்கு ஒரே நாளில் பதில் சொன்னது இதுதான் முதல் முறை, அந்தக் குடும்பத்தில் அடுத்த விசேஷம் எப்போது என்று கேட்டிருந்தார். பொதுத் தொகுப்பு இன்னும் வரவில்லை.

என் மகள் ஆப்பைச் சரி செய்து தரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த வார இறுதியில் வாட்ஸ்அப்பில் சட்டத் திருத்தம் ஒன்று அனுப்பினாள். இனி புதன்கிழமையும் உண்டு, ஆனால் அவள்தான் அழைப்பாள். ஏதாவது நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவாள், ஆனால் வா என்று அவள் சொன்னால்தான் நான் கிளம்ப வேண்டும். புதன்கிழமைகளில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம்.

முதல் புதன்கிழமை மாலை. கொளவாய் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அழைத்தாள். மெஸ்ஸில் தினமும் ராஜ்மா என்றாள். வழிகாட்டிப் பேராசிரியர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றாள். பிறகு, "குளிர் ஆரம்பிச்சிடுச்சுப்பா. எலும்பு ஒட்டின எடம் லேசா வலிக்குது. ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன்" என்றாள்.

எனக்குள் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. டாக்டரிடம் போனாயா, எக்ஸ்ரே எடுத்தாயா, ஒத்தடம் கொடுக்கிறாயா, இன்னும் அந்த ஸ்கூட்டரைத்தான் ஓட்டுகிறாயா, கம்பளி போதுமா. ஒன்றுதான் கேட்கலாம்.

"எந்தப் பக்கம்மா?" என்றேன்.

"இடது பக்கம்" என்றாள். "எந்தப் பக்கம்னே உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அப்புறம் நான் கேட்காமலேயே, அன்றைக்குக் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எந்த வளைவில் சறுக்கியது, யார் ஓடி வந்து தூக்கினார்கள் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் ஏரிக்கரையில் ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்துகொண்டேன்.